விறாந்தையில் நட்ட வேலி

பள்ளிக்கூட மலருக்கென்று நீங்கள் அனுப்பிவைத்த பக்கங்களை வாசித்தேன். எங்கள் வகுப்பு மொனிற்றர் கனடாவிலிருந்து இரண்டு தரம் தொலைபேசி எடுத்து, “நீதானே அந்தத் தெருவிலேயே இருந்தனீ, வடிவாப் பாத்துப் பிழை திருத்து” என்று சொன்னபடியால், சிவப்புப் பேனையும் கையுமாக உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது.

“எமது நகரின் நடுவே ஓடிய எழில்மிகு வீதி” என்று தொடங்குகிறீர்கள். சரி, தொடங்குங்கள். வாகை மரங்கள் என்கிறீர்கள், அதுவும் சரி. ஆனால் வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஒருநாள் மழையில் தெப்பமாக நனைந்தாராம், அந்தக் கோபத்தில் ஸ்ரேசன் பக்கத்திலிருந்து குளக்கட்டு வரைக்கும் எல்லாக் கடைகளுக்கும் முன்னால் ஒரே விறாந்தையாகக் கட்டச் சொல்லிச் சட்டம் போட்டாராம். ஆர் உங்களுக்கு இந்தப் புளுகைச் சொன்னது? துரைமார் நனைந்தால் குடை பிடிக்க ஆள் வைப்பார்கள், எங்களுக்கு விறாந்தை கட்டித் தர மாட்டார்கள். அந்தப் பக்கத்துக் கடைகள் பதினான்கையும் கட்டியது ஒரே மேசன். அந்த மனிசனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிளான். முன்னுக்குக் கடை, பின்னுக்கு வீடு, கடைக்கு முன்னால் பத்தடி விறாந்தை, விறாந்தைக்கு இரண்டு உருண்டைத் தூண், றோட்டுக்கு இறங்க மூன்று படி. முதலாவது கடையை அப்படிக் கட்டினார். இரண்டாவதையும் அப்படியே கட்டினார். ஓட்டுக்கூரை ஓட்டுக்கூரையோடு போய் முட்டியது. இடையில் ஒரு பீலி வைத்து மழைத்தண்ணீரை இறக்கிவிட்டார். எங்கள் வவுனியாவின் எழில் அப்படித்தான் வந்தது. வேறு கட்டத் தெரியாத ஒரு மேசனால்.

இதைக்கூட மன்னித்துவிடுவேன். கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, “காலமாற்றத்தினால் வீதியின் அழகு மெல்ல மங்கியது” என்று! அந்த வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன், பேப்பர் கிழிந்துபோயிற்று. காலம் என்ன செய்தது? காலம் வந்து வேலி நட்டதா? நட்டது என் அப்பா. உங்கள் எல்லோருக்கும் அது நன்றாகத் தெரியும். புத்தகக்கடைப் பிள்ளையின் மனம் நோகும் என்று மறைத்திருக்கிறீர்கள். அறுபது வருடத்துக்குப் பிறகும் என்ன மரியாதையோ! நோகட்டும். நானே சொல்கிறேன்.

முதலில் அந்த விறாந்தையை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். நிலம் சிவப்புச் சீமெந்து. ஒவ்வொரு கடைக்காரரும் சனிக்கிழமை காலையில் தன் பங்குக்குப் பொலிஷ் போட்டுப் பொச்சுமட்டையால் தேய்ப்பார். யாருடைய பங்கு கூடப் பளபளக்கிறது என்று சொல்லாமலே ஒரு போட்டி நடக்கும். மாரி காலத்தில் ரயிலால் இறங்கிய சனம் ஒரு துளி நனையாமல் குளக்கட்டு மட்டும் நடந்து போகும். அரசாங்கக் கச்சேரிப் பியோன் கையில் பைலோடு, வெற்றிலைக்காரி கடகத்தோடு, நாங்கள் சிலேற்றோடு. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தக் கடை வந்திருக்கிறது என்று மணத்தில் தெரியும். பேக்கரியில் பாண் மணம். அடுத்து நகைக்கடையில் கரி மணம். அதற்கடுத்தது எங்கள் கடை. புதுக் கொப்பியும் மையும் மணக்கும். எங்களுக்குக் குளக்கட்டுப் பக்கமாக அடுத்தது புடைவைக்கடை. பீஸ் பிரிக்காத சீத்தைத் துணியின் கஞ்சி மணம் எனக்கு இப்போதும் மூக்கில் நிற்கிறது.

புடைவைக்கடைக்காரர் முல்லைத்தீவு முஸ்லிம். அப்பா அவரை நானா என்பார். அவர் அப்பாவை முதலாளி என்பார். நானாவின் மனைவியை நான் மாமி என்றேன். அம்மா அவவை அக்கா என்றா, அவ அம்மாவைத் தங்கச்சி என்றா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு சுவர்தான். குசினியில் அம்மா கறி தாளித்தால் மாமி அந்தப் பக்கம் தும்முவா.

ஆனால் இருவரும் முகம் பார்ப்பது வாரத்தில் ஒரு தரம். வெள்ளிக்கிழமை மத்தியானம்.

இதை நீங்கள் ஒருவரும் எழுதவில்லை. எழுத உங்களுக்குத் தெரியாது. ஆம்பிளைகள் எல்லாரும் அந்த நேரம் பள்ளிவாசலில் அல்லது பாயில். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குத் தொழுகைக்கு வாங்கு சொல்லுவார்கள். முஸ்லிம் கடைகள் சாத்தப்படும். பாதிக் கடை சாத்தினால் மீதிக்கும் யாவாரம் இல்லை என்று எங்கள் ஆட்களும் பலகையைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். இரண்டு மணி வரைக்கும் தெருவில் ஈ காக்கை இருக்காது. அப்போது பதினான்கு வீட்டுப் பெண்களும் விறாந்தைக்கு வருவார்கள்.

நன்றாகக் கவனியுங்கள், விறாந்தைக்குத்தான். அதற்கு மேலே கூரை இருந்தது. கூரைக்குக் கீழே நிற்கும்வரை வீட்டுக்குள் நிற்கிறதாகத்தான் அர்த்தம். படியிறங்கி றோட்டில் கால் வைத்தால்தான் “வெளியிலை போனவள்” என்ற பேச்சு. இப்படி ஒரு சட்டத்தை எந்தத் துரையும் போடவில்லை, பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தின்படி ஸ்ரேசன் முனையிலிருந்து குளக்கட்டு முனை வரைக்கும் நடந்தாலும் அவர்கள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை!

என் அம்மாவுக்கு அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஊர்மனையில் தாய் சகோதரங்களோடு வளர்ந்த மனிசி, கலியாணம் முடித்த கையோடு இங்கே கொண்டுவந்து கடைக்குப் பின்னால் விடப்பட்டா. கோயிலுக்குப் போனால் அப்பாவோடு. ஆஸ்பத்திரிக்குப் போனால் அப்பாவோடு. மற்றப்படி குசினி, கிணற்றடி, என் தலையில் பேன். வெள்ளிக்கிழமை மட்டும் அம்மாவின் முகமே வேறு. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்கு விட்டு நான் ஓடிவரும்போது, அப்பாவுக்குச் சோறு போட்டு அவர் குறட்டை விடும்வரை காத்துக்கொண்டு, பின்னலை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டு நிற்பா.

நான் சோற்றை விழுங்கிவிட்டு அவர்களுக்குப் பின்னால் போவேன். மாமி முன்னால் நடப்பா, பருத்த உடம்பு, தலையில் சேலை முந்தானை, கை நிறையக் கண்ணாடி வளையல். அந்தக் கிழமை கடைக்கு வந்த சனம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவா. சேலையை விரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற ஓவசியர் பெண்சாதி, வேட்டியை மணந்து பார்த்து வாங்குகிற முரசுமோட்டைக் கமக்காரர். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரிப்பா. அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குள் கேட்டதில்லை. படம் பிடிக்கிற கடையின் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கிற கலியாணப் படங்களை இருவரும் நின்று பார்த்து, மாப்பிள்ளைக்கு மதிப்பெண் போடுவார்கள். சீமெந்து குளிரும். செருப்பு யாரிடமும் இல்லை.

கடைசித் தூணில் போய் நின்றால் குளம் தெரியும். அம்மா அதிலே நின்றுவிடுவா.

“எங்கடை ஊரிலை தண்ணியை எட்டித்தானேக்கா பாக்கிறது, கிணத்துக்கை,” என்று ஒரு நாள் சொன்னா. “இஞ்சை நிமிந்து நிண்டு பாக்கலாம்.”

“இது ஒரு தண்ணியா தங்கச்சி? எங்கட முல்லைத்தீவுக் கடலப் பாக்கோணும் நீங்க. ஒருக்கா கூட்டிக்கொண்டு போறன், இரிங்க.”

“என்னை ஆர் விடப்போயினம்?”

“நான் வந்து கேக்கிறன் அவரிட்ட. என்னை என்ன கடிச்சா திண்டிடுவார்?”

மாமி கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னமே தீபாவளி வந்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு நானா கொழும்பிலிருந்து ஒரு கண்ணாடி அலுமாரி இறக்கினார். உங்களுக்கு அது நிச்சயம் ஞாபகம் இருக்கும். தலையில்லாத பொம்மை ஒன்றுக்கு மயில்கழுத்து நிறத்தில் சேலை உடுத்தி உள்ளே நிற்பாட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டால் நாங்கள் எல்லாரும் அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்போம். அலுமாரியை விறாந்தையில் வைத்தார். அதன் ஒரு மூலை எங்கள் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்றது. எவ்வளவு? ஒரு சாண். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்பா கடையில் விற்கிற அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு விறாந்தையில் முழந்தாளில் ஊர்ந்து அளந்தார். நான்தான் மற்ற நுனியைப் பிடித்தேன்.

“நானா, உம்மடை அலுமாரி என்ரை காணிக்கை நிக்குது.”

நானா சிரித்தார். “இதென்ன முதலாளி, சனம் மழைக்கு ஒதுங்குற இடம். இதுக்கும் காணி உறுதி வச்சிருக்கிறீங்களா?”

சிரித்திருக்கக் கூடாது. ஆனால் நல்ல மனிசன், அடுத்த நாள் விடியவே அலுமாரியைத் தூக்கி உள்ளுக்குத் தள்ளி வைத்துவிட்டார். பிரச்சினை முடிந்தது என்றுதானே நீங்கள் நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். அப்பா இரவு சாப்பிடும்போது, “இண்டைக்குத் தள்ளினவர் நாளைக்கு இழுக்கமாட்டாரோ?” என்றார்.

அவர் ஏன் அப்படி என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்து ஊரிலே அயலவர் கிணற்றுக்குப் போக வளவின் மூலையால் நடக்க விட்டவர். பாவம், தண்ணீர்தானே என்று விட்டார். இருபது வருடத்துக்குப் பிறகு அயலவரின் மகன் கோட்டுக்குப் போய் அது பாதை என்று தீர்ப்பு வாங்கிவிட்டான். வளவு இரண்டாகப் பிரிந்தது. கிழவன் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அப்பா வவுனியாவுக்கு வரும்போது கொண்டுவந்த முதுசம் அந்தப் பயம்தான். அதற்காக? அதற்காக நகரத்தின் நடுத்தெருவில் வேலி போடுவதா?

ஓம், வேலிதான். வேறு ஆட்கள் என்றால் ஒரு பலகையைத் தட்டி அடைத்திருப்பார்கள். அப்பாவுக்கு எல்லை என்றால் ஊரிலே போடுகிற வேலி, உயிரோடு துளிர்த்து நிற்கிற கதியால் கம்பு, அதில் கட்டிய தென்னோலைக் கிடுகு. சிவப்புச் சீமெந்தில் கதியால் எப்படி நடுவது? எட்டு மண்ணெண்ணெய்த் தகரம் எடுத்தார். மண் நிரப்பினார். நெளுக்குளத்திலிருந்து வண்டிலில் பூவரசங் கதியால் இறக்கி, தகரத்துக்கு ஒன்றாக நட்டார். சுவரிலிருந்து தூண் மட்டும், தூணிலிருந்து படி மட்டும் வரிசையாக வைத்து, ஆளுயரத்துக்குக் கிடுகு வரிந்து கட்டினார். நானே செம்பால் தண்ணீர் ஊற்றினேன். அந்த எழில்மிகு வீதியில், உருண்டைத் தூண்களுக்கு நடுவே, பச்சைக் கிடுகு வேலி! ஒரு கிழமையில் கதியால்கள் துளிர்த்துவிட்டன. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது.

வேலி கட்டுகிற அன்று அம்மா கடைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவில் நின்று சொன்னா, “இஞ்சாருங்கோ, ஒரு பொட்டாவது விடுங்கோவன்.”

ஊர் வேலிகளில் பெண்கள் அடுத்த வளவுக்குப் போய்வர விடுகிற சின்னத் திறப்புத்தான் பொட்டு. எவ்வளவு பகையான வேலியிலும் ஒன்று இருக்கும்.

“பொட்டோ? உமக்கென்ன விசரே? பொட்டு விட்டால் நாளைக்குப் பாதையாப் போடும். என்ரை அப்பு செத்தது போதாதோ?” என்றார். பிறகு, “உமக்கேன் பொட்டு? நீர் எங்கை போறனீர்?” என்று கேட்டார்.

அம்மா குசினிக்குத் திரும்பினா. எப்படிச் சொல்வது? அவர் குறட்டை விடுகிற நேரத்தில் தான் குளக்கட்டு மட்டும் நடந்து வருகிறவள் என்றா? அப்பாவுக்குத் தான் எதை மறிக்கிறேன் என்பதே தெரியாது. ஒரு சாண் நிலத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அந்த மனிசன் வியர்க்க வியர்க்கக் கிடுகு கட்டியது. உங்கள் காலமாற்றம் இதுதான்.

பிறகு மாரி பிடித்தது. ரயிலால் வந்த சனம் எங்கள் கடை வரைக்கும் நனையாமல் வந்து, வேலியைக் கண்டு திகைத்து, மழைக்குள் இறங்கி, திரும்ப ஏறியது. ஏறும்போது சும்மா ஏறுமா? அப்பாவின் பரம்பரையை ஒரு பாட்டம் திட்டிவிட்டு ஏறியது. கச்சேரிப் பியோனின் பைல் ஒருநாள் சேற்றில் விழுந்து, அந்தாள் போட்ட சத்தத்தில் நகைக்கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு எழும்பி வந்தார். பத்து நாளில் சனம் மற்றப் பக்கத்தால் குடை பிடித்துக்கொண்டு போகப் பழகிவிட்டது. அத்தோடு ஆடுகள். பூவரசங் குழையின் மணம் எந்த ஆட்டுக்குத்தான் தெரியாது? நகரத்து ஆடுகள் அவ்வளவும் படியேறி வந்து வேலியில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு தின்றன. சிவப்புச் சீமெந்தில் புழுக்கை. நாள் முழுக்க வேலி சரசரத்துக்கொண்டே இருக்கும். அப்பா உள்ளேயிருந்து “ஆட்டைக் கலை!” என்று கத்துவார், நான் ஓடிப்போய் “சூ” என்பேன். என்னுடைய ஐந்தாம் வகுப்பு முழுக்க இதுதான் வேலை.

மாரி முடிவதற்குள் பேக்கரிக்காரர் தன் விறாந்தையில் கம்பி அடித்தார். “புத்தகக்கடைக்காரன் மறிச்சால் நான் மறிக்கக் கூடாதோ?” என்றார். அவரைப் பார்த்துப் படம் பிடிக்கிற கடைக்காரர் சுவர் எழுப்பினார். ஒவ்வொரு துண்டாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா பின்னலைக் கட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்து, வேலியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விடுவா. மாமியும் அந்தப் பக்கம் வரத்தான் செய்தா. ஆனால் கிடுகுக்கு ஊடாக எவ்வளவு கதைப்பது? கொஞ்சம் பலமாகக் கதைத்தால் அப்பா எழும்பிவிடுவார்.

“அம்மா, மூண்டு படி இறங்கி மூண்டு படி ஏறினாப் போதும்,” என்று நான் சொன்னேன். உண்மையில் பன்னிரண்டு எட்டுத் தூரம்.

“றோட்டாலையோ? ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

“ஒருத்தரும் இல்லையம்மா றோட்டிலை!”

“போடி விசரி.”

எனக்கு இன்றைக்கும் அந்த மூன்று படியை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. அம்மா, இறங்கியிருக்கலாம். ஒரே ஒரு நாள் இறங்கியிருக்கலாம்.

ஆகவே நான் இறங்கினேன். அம்மாவின் கதையை மாமிக்கும் மாமியின் கதையை அம்மாவுக்கும் கொண்டுபோனேன். “அக்காவுக்குக் கால் வீக்கம் எப்பிடியாம் எண்டு கேட்டுக்கொண்டு வா.” “தங்கச்சிட்ட சொல்லு, அந்த ஓவசியர் பெண்சாதி திரும்ப வந்தா, திரும்ப வாங்காமப் போனா.” நான் நடித்துக் காட்டுவேன், மாமி அளவுக்கு வராது, அம்மா முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வரும். நோன்புப் பெருநாளுக்கு மாமி ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் தந்துவிட்டா. அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் படியேறும்போது அப்பா முன்னால் நின்றார்.

அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. கிண்ணத்தை வாங்கித் தூணடியில் வைத்தார். “இன்னொருக்கா உன்னை அந்தப் படியிலை கண்டன், அங்கத்தைக் கதையை இஞ்சை கொண்டுவந்தாய் எண்டு கேள்விப்பட்டன், அடுத்த ரயிலிலை கொண்டுபோய்ப் பெரியம்மா வீட்டிலை விட்டிடுவன். படிப்பும் அங்கைதான். கொம்மாவை வருசத்துக்கு ஒருக்காப் பாக்கலாம்,” என்றார். அப்பா சொன்னால் செய்கிற ஆள். வேலியைப் பார்த்தவளுக்கு அதில் சந்தேகம் இருக்குமா?

நான் போவதை நிறுத்திவிட்டேன்.

மாசி பிறந்திருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்கு விட்டு வரும்போது, புடைவைக்கடைக்கு முன்னால் மாமி தூணோடு ஒட்டிக்கொண்டு எனக்காகக் காத்துக்கொண்டு நின்றா. கண் வீங்கியிருந்தது.

“புள்ள, இங்க வா. நாங்க இண்டைக்குப் போறம், முல்லைத்தீவுக்கு. இவர்ட வாப்பாவுக்கு உடம்புக்கு ஏலாது, அங்கத்தக் கடைய இவர்தான் பாக்கோணும். இந்தக் கடைய வித்தாச்சு. ஜும்ஆ முடிஞ்ச உடன வாகனம் வந்திரும். அம்மாட்டச் சொல்லு, நான் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நிக்கிறன் எண்டு. மொகத்தப் பாக்காட்டியும் கொரலையாவது கேட்டுட்டுப் போறன். மறக்காமச் சொல்லுவியா?”

“ஓம் மாமி,” என்றேன்.

சொல்லத்தான் ஓடினேன். சத்தியமாகச் சொல்லத்தான். ஆனால் அன்று அப்பா படுக்கவில்லை. புது வருசத்துக் கொப்பிக் கட்டுகள் வந்திருந்தன. குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கட்டுகளைப் பிரித்து எண்ணிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். அம்மா எனக்குச் சோறு போட்டா. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அப்பாவின் முதுகைப் பார்த்தேன். “அம்மா” என்றேன். “என்ன?” “ஒண்டுமில்லை, தண்ணி.” அம்மா தண்ணீர் தந்தா. கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். காதுக்குள் சொல்லியிருக்கலாம். இப்போது எத்தனையோ வழி தெரிகிறது. அப்போது தெரிந்தது பெரியம்மா வீட்டு இருட்டு அறை ஒன்றுதான்.

வேலி சரசரத்தது.

அம்மா அகப்பையோடு நிமிர்ந்தா. “ஆரது?”

“ஆடம்மா,” என்றேன்.

“ஓடிப்போய்க் கலை,” என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமலே.

நான் கை கழுவாமல் கடைக்குள்ளால் விறாந்தைக்குப் போனேன். வேலியில் கிடுகு அசைந்துகொண்டிருந்தது. கீழே, இரண்டு தகரத்துக்கு இடையில், மாமியின் கால் தெரிந்தது. வீங்கின கால். என் காலடிச் சத்தம் அவவுக்குக் கேட்டிருக்கும்.

“தங்கச்சி?” என்றா. மிக மெல்லமாக. “தங்கச்சி, நீங்களா?”

உள்ளே அப்பாவுக்கு என் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எழும்பி வருவார். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

“சூ!” என்றேன். “சூ! சூ!”

கிடுகு அசைவது நின்றது. அந்தக் கால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு திரும்பிப் போனது. நான் உள்ளே வந்து மிச்சச் சோற்றைத் தின்றேன்.

இரண்டு மணிக்கு வாகனம் வந்ததாம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பின்னேரம் வரும்போது புடைவைக்கடைப் பலகை பூட்டியிருந்தது. அம்மா என்னிடம் கேட்டா, “அடுத்த வீட்டிலை ஒரு சத்தம் சிலமனும் இல்லை, என்னவாம் பிள்ளை?” எனக்குத் தெரியாது என்றேன். நகைக்கடைக்காரரின் பெண்சாதி சொல்லித்தான் இரண்டு நாள் கழித்து அம்மாவுக்குத் தெரியும். அம்மா அன்று அரிசி களைந்துகொண்டிருந்தா. “போட்டினமோ? ஒரு சொல்லுச் சொல்லாமலோ?” என்றா. திரும்பவும் களைந்தா. அந்த அரிசியை எத்தனை தரம் களைந்தா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? எனக்குத் தெரியாதா அது? நாளைக்குச் சொல்வோம் என்றுதான் ஒவ்வொரு நாளும் படுத்தேன். நாள் போகப் போக, சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வேலியின் முடிவு என்ன என்று உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். புடைவைக்கடையை வாங்கிய இரும்புக்கடைக்காரர் நாளைக்கு எல்லை கேட்பார் என்று அப்பா தானாகவே பட்டினசபைக்கு விண்ணப்பம் எழுதினார், தன் எல்லையைப் பதிந்து தரச் சொல்லி. சித்திரை வெயிலில் ஓவசியர் ஒருவர் வரைபடத்தோடு வந்தார். விரித்தார். அளந்தார். விறாந்தை முழுவதும், எங்கள் பங்கு, நானாவின் பங்கு, பதினான்கு கடையின் பங்கும், றோட்டுக்கு ஒதுக்கின நிலம். மேசன் தெரியாமல் கூரையை நீட்டிவிட்டிருக்கிறார். ஒருவருக்கும் ஒரு சாண் கூடச் சொந்தமில்லை. “கூரை நிக்கட்டும், வேலியை எடுங்கோ,” என்று சொல்லிவிட்டு ஓவசியர் ஒரு சோடாவும் குடித்துவிட்டுப் போனார்.

அப்பா கத்தியை எடுத்துக் கிடுகை அறுத்தார். கதியால்களைப் பிடுங்கினார், சில தகரத்தை மீறி வேர் விட்டிருந்தன. அவர் அழுதாரோ வியர்த்தாரோ எனக்குத் தெரியாது. அவரிலே முதல் தரமாக எனக்கு இரக்கம் வந்தது. தகரங்கள் இருந்த இடத்தில் எட்டுத் துருவட்டங்கள் கிடந்தன. நான் தும்புத்தடியால் கூட்டினேன். அம்மா வந்து நின்றா.

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “நீர் பொட்டுக் கேட்டனீர். இப்ப முழுக்கத் திறந்துதானே கிடக்குது. போம்,” என்றார். அந்த மனிசன் வாழ்நாளில் மன்னிப்புக் கேட்டது அதுதான்.

அம்மா இரும்புக்கடைப் பக்கம் பார்த்தா. அங்கே ஆணிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

“ஆரிட்டைப் போறது?” என்றா.

அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அம்மா என் பக்கம் திரும்பினா. கோபமில்லை, அழுகையில்லை, தன் வயதுக்காரி ஒருத்தியிடம் கேட்பதுபோலக் கேட்டா.

“போற அண்டைக்கு வேலியடிக்காவது ஒருக்கா வந்து கூப்பிட்டிருக்கலாம் அவ, என்ன பிள்ளை?”

“ஓம் அம்மா,” என்றேன்.